உடைந்ததைக் கணக்கில் சேர்க்காதே

செய்தித்தாளில் நான்கே வரி.
தெக்லா பரனியுக், வயது தொண்ணூற்றேழு,
மெத்தோடியின் மனைவி, ஐவருக்குத் தாய்,
பண்ணையில் கணவருக்கு உதவியாக இருந்தவர்.

உதவி.
கண்ணாடி போட்டு ஒருமுறை பார்த்தேன்,
கழற்றிவிட்டு ஒருமுறை.
இரண்டு விதத்திலும் சின்னதாகவே தெரிந்தது.

அவளிடம் முட்டை வாங்கியவன் நான்.
சஸ்காட்செவானில், ரயில் மூச்சு வாங்க நிற்கும் ஓர் ஊரில்,
க்ரீமும் முட்டையும் எடைபோட்டு எழுதி
ஐம்பது ஆண்டு பென்சில் சீவியவன்.
சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் வண்டி வரும்.
கோடையில் சக்கரம், பனியில் சறுக்குப் பலகை.
குதிரை மட்டும் அதே குதிரை,
அது செத்தபின் அதன் மகள்,
வெகுகாலம் கழித்து ஒரு பச்சை டிரக்.

ஓட்ஸ் உமிக்குள் புதைத்துக் கொண்டுவருவாள்,
ஒன்றோடொன்று உரசாமல்.
வினிகர் துணியால் துடைத்த வாசனை.
"எண்ணிக்கொள்" என்பாள்;
நான் தொடங்குமுன் தொகையையும் சொல்லிவிடுவாள்.
தவறியதே இல்லை.
எனக்குத்தான் இரண்டு முறை தவறியது,
இரண்டும் அவள் பக்கம் லாபமாக.
திருப்பித் தந்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

முப்பத்தேழில் மண் எழுந்து வானத்துக்குப் போயிற்று.
கோதுமை முழங்காலுக்கு வரவில்லை,
கணுக்காலுக்கும்.
வேலியோரம் புழுதி குவிந்து
மாடுகள் கம்பியின் மேலாக நடந்து போயின.
டஜன் எட்டு சென்ட். சொல்லவே எனக்குக் கூச்சம்.
அந்த வருஷம் அவள் காசைக் கையில் வாங்கவில்லை.
"உன் பெட்டியில் கிடக்கட்டும்."
நவம்பரில் வந்து சொன்னாள்:
"நிலவரியை நீயே போய்க் கட்டிவிடு.
ரசீதை அடுப்பில் போடு.
இந்த வருஷம் அவனிடம் விளைந்தது
பெருமை ஒன்றுதான்.
அதையும் நான் அறுக்க வேண்டாம்."

மெத்தோடி சாகும்வரை பீர் கடையில் சொல்லிக்கொண்டிருந்தான்:
"ஊரே வரியில் மூழ்கிய வருஷம்,
என் நிலத்தைத் தொட அரசாங்கம் மறந்துவிட்டது!"
நான் என் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னொரு சனிக்கிழமை, மார்ச் மாதம்.
வியாழனன்றுதான்
உறைந்த தரையில் நெருப்பு மூட்டி, இளக்கித் தோண்டி,
சின்ன ஸ்டெஃபானியாவைப் புதைத்திருந்தார்கள். கக்குவான் இருமல்.
வரமாட்டாள் என்று கதவைத் தாழிட்டிருந்தேன்.
தட்டினாள்.
"எண்ணிக்கொள்."
அன்றைக்கு மட்டும் தொகையைச் சொல்லவில்லை.
எண்ணினேன், மெதுவாக, மறுபடியும் முதலிலிருந்து.
ஏதாவது சொல்ல வேண்டும்.
எனக்கு வயது இருபத்திரண்டு.
"நூற்று முப்பத்திரண்டு" என்றேன்.
அவள் குனிந்து உமிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள்.
மயிரிழைக் கீறல். எனக்குத் தெரியவே இல்லை.
"உடைந்ததைக் கணக்கில் சேர்க்காதே."
அதைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு
அவ்வளவு தூரம் வண்டியோட்டிப் போனாள்.
நூற்று முப்பத்தொன்று என்று எழுதினேன்.
அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகும் அறுபத்து நான்கு ஆண்டு இருந்தாள்.
அதை எழுத எனக்கு வக்கில்லை.
நான் சனிக்கிழமைகளை மட்டும் அறிந்தவன்.
மற்ற ஆறு நாளும்
ரொட்டி, பன்றி, பனிக்கட்டி உடைத்து மாட்டுக்குத் தண்ணீர்,
கதிரடிக்கும் கூட்டத்தில் பதினான்கு வாய்க்குச் சோறு,
இவையெல்லாம் அவள் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தவை,
அவள் வாயால் வந்தவை அல்ல.

தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் மதியம் பரிமாறினார்கள்.
முட்டை சாண்ட்விச். கடை முட்டை,
எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை.
கோட்டுப் பையில் அந்த ரசீது.
ஆம், நான் எரிக்கவில்லை.
நேற்றிரவு விரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது:
அதிலும் மெத்தோடியின் பெயர்தான்.

மூத்த மகன் ஓரெஸ்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
"அம்மாவை நன்றாகத் தெரியுமா உங்களுக்கு?"

பையிலிருந்து கையை எடுத்தேன்.
"எண்ணத் தெரிந்தவள்" என்றேன்.
அவன் தலையாட்டினான்,
காப்பியை என் பக்கம் நகர்த்தினான்.